எழுநூற்று எழுபது எறும்புகள்

சுரேந்தர் பாம்புக்குப் பயப்படாதவர். போன மழைக்காலத்தில் எங்கள் கல்லூரிச் சோதனைக்கூடத்துக்குள் சாரைப்பாம்பு ஒன்று நுழைந்து கண்ணாடி ஜாடிகளுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது. மாணவர்கள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். சுரேந்தர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து டிபன் கேரியரை எடுத்து வெளியே வைத்துவிட்டு, வெறும் பையோடு போய்ப் பாம்பைப் பிடித்து வந்தார். அன்று பையை அலசிக் காயவைத்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி ஜீவிதாவிடம் இதைப் பற்றி இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அவர் பயந்தது புள்ளியியலுக்கு.

மைசூரில் ஒரு தனியார் கல்லூரியில் நானும் அவரும் பதினாலு வருடமாக ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேசை. அவர் விலங்கியல், நான் தாவரவியல். அவர் கொள்ளேகால்காரர். பட்டுச்சேலை வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, பட்டைவிடப் பட்டுப்புழு மேல் ஆசைப்பட்டு விலங்கியல் படிக்க வந்தவர். எம்.எஸ்சி.யில் எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு. புள்ளியியல் தாளை மட்டும் மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினார். அப்போது அவர் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒரே ஒரு கணக்கு, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட். ஏதோ புண்ணியத்தில் அதுவே வந்தது.

அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. எந்த மாணவர் எந்தப் பரிசோதனையோடு வந்தாலும், "என்ன டெஸ்ட் பண்றது சார்?" என்று கேட்டால், "டி-டெஸ்ட் போடு கண்ணு" என்பார். மண்புழுவுக்கு டி-டெஸ்ட். கொசுப்புழுவுக்கு டி-டெஸ்ட். குக்கரஹள்ளி ஏரிக் கொக்குகளை எண்ணிக்கொண்டு வந்தவனுக்கும் டி-டெஸ்ட். எங்கள் கட்டடத்தில் மாடிக்குப் போக இரண்டு படிக்கட்டுகள் உண்டு. கிழக்குப் படியேறினால் புள்ளியியல் துறையைத் தாண்டித்தான் போகவேண்டும். சுரேந்தர் எப்போதும் மேற்குப் படியில்தான் ஏறுவார். மூட்டுக்கு நல்லது என்று என்னிடம் காரணம் சொன்னார். இரண்டு பக்கமும் இருபத்திரண்டு படிகள்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதரிடம்தான் வைஷாலி வந்து சேர்ந்தாள்.

வைஷாலியின் அப்பா தர்மபுரிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து, மைசூர் விஜயநகரில் பாதி வீடுகளுக்குப் பூச்சு பூசி, இப்போது மேஸ்திரியாக இருப்பவர். பெண் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசும்போது வாக்கியத்துக்கு ஒருமுறை "அல்வா" என்பாள். கன்னடத்தில் அதற்கு "இல்லையா" என்று பொருள். அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியோ இனிப்பைப் பற்றியது. அதனால் முதல் நாள் சுரேந்தருக்குக் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது.

"அக்ரஹாரத்துல மூணு ஸ்வீட் கடை இருக்கு அல்வா சார்?"

"அல்வாவா, மைசூர்பாகுன்னு சொன்னயேம்மா."

"மைசூர்பாகுதான் சார். மூணு கடையிலயும் வாங்கி எறும்புப் புத்துப் பக்கத்துல வைக்கறேன். எதுக்கு எறும்பு ஜாஸ்தி வருதுன்னு எண்ணறேன். நெய் ஜாஸ்தி இருந்தா எறும்பு ஜாஸ்தி வருமான்னு பார்க்கலாம், அல்வா?"

சுரேந்தருக்கு யோசனை பிடித்துப்போனது. எனக்கும் பிடித்தது, மீந்த மைசூர்பாகு ஸ்டாஃப் ரூமுக்கு வரும் என்பதால். பெண் வேலையைச் சுத்தமாகச் செய்தாள். மூன்று கடைச் சரக்கையும் ஒரே அளவுத் துண்டாக வெட்டி எடை போட்டாள். கடைப் பெயர் தெரியாதபடி ஏ, பி, சி என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு புற்றுக்கும் ஒரு தட்டு, தட்டில் மூன்று துண்டு, பத்து நிமிடம் கழித்து ஒவ்வொரு துண்டின் மேலும் எத்தனை எறும்பு என்று போட்டோ எடுத்து எண்ணினாள். மொத்தம் பன்னிரண்டு புற்றுகள். எழுநூற்று எழுபது எறும்புகள். ஏ-யில் நானூற்றுப் பன்னிரண்டு, பி-யில் நூற்றுத் தொண்ணூறு, சி-யில் நூற்று அறுபத்தெட்டு.

"என்ன டெஸ்ட் சார்?"

"டி-டெஸ்ட் போடு கண்ணு."

அவள் லேப்டாப்பை அவர் மேசையிலேயே திறந்து ஏ-யையும் பி-யையும் போட்டாள். பூஜ்யம் புள்ளி இரண்டு எட்டு என்று விடை வந்தது. டி-டெஸ்டைப் பற்றி சுரேந்தருக்குத் தெரிந்த இரண்டாவது விஷயம், விடை பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே வரவேண்டும் என்பது. வந்தால் வித்தியாசம் உண்மை, வராவிட்டால் வெறும் தற்செயலாக இருக்கலாம்.

"வரலையே சார்" என்றாள் வைஷாலி. முகம் சுருங்கிவிட்டது. "நானூறு எங்க, நூத்தித் தொண்ணூறு எங்க. எப்படி சார் வித்தியாசம் இல்லாம இருக்கும்?"

"அதானே" என்றார் சுரேந்தர். "வேற ஏதாச்சும் இருக்குதா பாரு."

மென்பொருளில் டெஸ்டுகளின் பட்டியல் ஒன்று இருந்தது. இருவரும் அதில் இறங்கினார்கள். எதிர் மேசையில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனவர்கள் மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஜோடி டி-டெஸ்ட் என்று ஒன்று. பூஜ்யம் புள்ளி இரண்டு ஒன்பது. அதை மடித்து வைத்தார்கள். அனோவா, இரண்டு ஏழு. அதுவும் வேண்டாம். நாலாவதாகக் கை-ஸ்கொயர். மொத்த எறும்புகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டது. கொடுத்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று திரை முழுக்கப் பூஜ்யமாக வந்தது.

"இதுதான்" என்றார் சுரேந்தர், நாற்காலியில் சாய்ந்து. "சரியான டெஸ்டு இதுதான்."

பதினாலு வருடத்தில் முதன்முறையாக அவர் டி-டெஸ்டைக் கைவிட்டார். அதைப் பெரிய முன்னேற்றமாக அவர் நினைத்ததில் தப்பில்லை.

வைஷாலி அன்று சாயங்காலமே தன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாள். எறும்பு மொய்த்த தட்டு, கீழே "770 எறும்புகளின் தீர்ப்பு: ஏ". கடைப் பெயரை அவள் எழுதவில்லை. ஆனால் தட்டுக்குப் பின்னால் மூன்று அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, மூன்றிலும் கடைப்பெயரும் ஏ, பி, சி-யும் தெளிவாகத் தெரிந்தன.

நாலு நாளில் அக்ரஹாரத்தில் ஏ கடையின் வாசலில் ஒரு பேனர் ஏறிவிட்டது. கடைக்காரர் தொட்டையன். பேனரில் அவருடைய படம், பக்கத்தில் ஒரு பெரிய எறும்பின் படம், கன்னடத்திலும் தமிழிலும் வாசகம்: "சுத்த நெய் – கல்லூரி விஞ்ஞானிகள் நிரூபித்தது – எறும்புகளே சாட்சி." வைஷாலியின் அப்பா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சுரேந்தரும் ஸ்கூட்டரில் அந்த வழியாக இரண்டு முறை போனதாகக் கேள்வி.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்டாஃப் ரூம் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு ஸ்வீட் பெட்டி.

"எறும்பு சாருங்க யாருங்க?"

நான் சுரேந்தரைக் காட்டினேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார். வந்தவர் சென்னம்மா. சி கடை அவருடையது. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கணவரோடு மைசூருக்கு வந்து இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர். சண்டைக்கு வந்தவர் மாதிரியே இல்லை. பெட்டியைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். சாப்பிட்டோம். நெய் விரலில் ஒட்டியது.

"எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க" என்றார் சுரேந்தர்.

"எறும்புக்குப் பிடிக்கலையாமுங்களே."

சுரேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது உங்க கடையக் குறை சொல்றதுக்குப் பண்ணினது இல்லீங்கம்மா. ஒரு ஆராய்ச்சி. எழுநூத்தி எழுபது எறும்பு எண்ணியிருக்கறோம். கணக்குப் பார்த்தா, இது தற்செயலா வந்திருக்க வாய்ப்பே இல்லீன்னு வருது."

"எழுநூத்தி எழுபதும் தனித்தனியா வந்துச்சுங்களா?"

"அப்படின்னா?"

"இல்லீங்க, கேக்கறேன். போன மாசம் ஒரு கல்யாண பஸ்ஸு வந்து எங்க கடை முன்னாடி நின்னுச்சு. நாப்பத்தஞ்சு பேரு இறங்கி ஆளுக்கொரு டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுட்டுப் போனாங்க. நாப்பத்தஞ்சு பேருக்கும் எங்க கடை பிடிச்சதுன்னு நான் சொல்ல முடியுங்களா? பிடிச்சது டிரைவருக்கு. அவன் அங்க நிறுத்தினான், எல்லாரும் இறங்கினாங்க. எறும்பும் ஒண்ணு பின்னால ஒண்ணுதானுங்களே போகும்?"

நான் சுரேந்தர் முகத்தைப் பார்த்தேன். விலங்கியல் ஆசிரியர். முதல் எறும்பு வழியெல்லாம் வாசனையைப் பூசிக்கொண்டு போகும், மற்றவை அதை முகர்ந்துகொண்டு பின்னாலேயே போகும் என்று வருடா வருடம் இரண்டாமாண்டுக்குப் படம் போட்டு விளக்குகிறவர். அதே வாயால்தான் எழுநூற்று எழுபது என்று சொல்லியிருந்தார்.

"எந்தப் புத்துல எத்தனைன்னு தனித்தனியாப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டார் சென்னம்மா.

சுரேந்தர் தாளை எடுத்து நீட்டினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். பத்து, இருபது, பதினைந்து என்று எல்லாப் புற்றுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்பதாவது புற்றில் மட்டும் பி ஒன்பது, சி ஆறு, ஏ இருநூற்றுப் பதினாலு.

"இது எந்த இடமுங்க?"

முகவரி எழுதியிருந்தது. சென்னம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "ரங்கம்மா வீட்டுச் சந்து. அந்தம்மா தெனமும் காலையில குளிச்சுட்டு அந்தச் சுவத்தோரமா எறும்புக்கு ரவை போடும். தட்டை எப்படி வெச்சாலும் அந்த மூலைப் பக்கம் இருக்கறதுக்குத்தானுங்க கூட்டம்."

அவர் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அன்று மத்தியானம் முழுவதும் சுரேந்தர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, கிழக்குப் படிக்கட்டு வழியாக ஏறிப் போனார்.

புள்ளியியல் துறையில் அப்போது இருந்தது ஸ்வாதி மட்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், முப்பது வயதுகூட இல்லை. மைசூர்த் தமிழ்க் குடும்பம். நடந்ததைச் சுரேந்தரே பிறகு எனக்கு வரி பிசகாமல் சொன்னார். நேராக உள்ளே போய், "மேடம், இதுக்கு என்ன டெஸ்ட் போடறதுங்க?" என்று தாளை நீட்டியிருக்கிறார். இத்தனை வருடமும் மாணவர்கள் தன்னிடம் கேட்ட அதே கேள்வி தன் வாயிலிருந்து வந்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம்.

ஸ்வாதி டெஸ்ட் பெயர் எதையும் சொல்லவில்லை.

"எத்தனை பேரைக் கேட்டீங்க சார்?"

"எழுநூத்தி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "பன்னெண்டு புத்துங்க."

"சரி. பன்னெண்டு பேர். ஒவ்வொருத்தர் முன்னாடியும் மூணு துண்டும் ஒண்ணா வெச்சீங்களா, இல்ல ஒருத்தருக்கு ஒண்ணா?"

"மூணும் ஒரே தட்டுலங்க."

"அப்போ ஒவ்வொரு புத்தும் தனக்குள்ள மூணையும் ஒப்பிட்டுச் சொல்லுது. இந்தப் புத்தை அந்தப் புத்தோட கலக்கக் கூடாது. ஒரு இடத்துல இருநூத்திச் சொச்சம் இருக்கே, அது மட்டும் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகுது. அதனால எண்ணிக்கைய விட்டுருவோம் சார். ஒவ்வொரு தட்டுலயும் எது முதல், எது ரெண்டாவது, எது மூணாவதுன்னு மட்டும் எடுப்போம். இருநூத்திப் பதினாலா இருந்தாலும் இருபத்தொண்ணா இருந்தாலும் முதல் முதல்தான்."

"இதுக்கு டெஸ்ட் இருக்குதுங்களா?"

"இருக்கு சார். ஃப்ரீட்மன்னு பேரு. ஆனா பேர் கடைசிலதான் வரணும். நியாயமாப் பார்த்தா எறும்ப எண்ணறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும்."

கணக்குப் போட ஐந்து நிமிடம் ஆனது. முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு, மூன்றாமிடத்துக்கு மூன்று என்று கூட்டினால் ஏ இருபத்தொன்று, பி இருபத்துநான்கு, சி இருபத்தேழு. விடை பூஜ்யம் புள்ளி நாலு ஏழு. மூன்று கடைக்கும் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், நூற்றுக்கு நாற்பத்தேழு தடவை தற்செயலாகவே இந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் வரும். ஸ்வாதி இன்னொன்றையும் கேட்டார். "இதுக்கு முன்னாடி எத்தனை டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்க சார்?"

"நாலுங்க."

"நல்லா வந்தத எடுத்துக்கிட்டீங்க."

"ஆமாங்க."

"எல்லாரும் அதைத்தான் பண்றாங்க சார்" என்று ஸ்வாதி சொல்லியிருக்கிறார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று என்னிடம் சொன்னார் சுரேந்தர்.

வைஷாலியிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. ரிப்போர்ட் பைண்டிங் செய்து கொடுத்தாகிவிட்டது. வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள். அவர் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது.

"நீங்கதானே சார் சரியான டெஸ்டுன்னு சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"வெளியிலருந்து எக்ஸாமினர் வந்து, 'ஒண்ணும் கண்டுபிடிக்கலையா'ன்னு கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

"கண்டுபிடிக்கலைன்னு சொல்லு. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் சும்மா சொல்லவில்லை. அன்றே ஒரு பக்கம் டைப் செய்தார். நான் எட்டிப் பார்த்தேன். நாலு சோதனைகள் செய்து பார்க்கப்பட்டன, சாதகமான விடை தந்த ஒன்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதப்பட்டது, அது தவறு, அந்த ஆலோசனையைக் கொடுத்தவர் வழிகாட்டியான நான், மாணவியின் தவறல்ல, சரியான முறையில் பார்த்தால் மூன்று கடைகளுக்கும் இடையே வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல ஆதாரமில்லை. கீழே கையெழுத்து, தேதி. துறைத்தலைவர் படித்துவிட்டு, "இது எதுக்குங்க சுரேந்தர், அவங்க யாரும் இந்தப் பக்கத்தைத் திருப்பவே மாட்டாங்க" என்றார். சுரேந்தர் எல்லாப் பிரதியிலும் முதல் பக்கத்துக்கு முன்னால் அதை ஒட்டினார், திருப்ப வேண்டிய அவசியமே இல்லாதபடி.

பிறகு பேனர். தொட்டையன் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தொட்டையன் மலர்ந்த முகத்தோடு வரவேற்று, கடையிலிருந்த எல்லாரிடமும் "நம்ம விஞ்ஞானி" என்றார். சுரேந்தர் விஷயத்தைச் சொன்னார்.

"எறும்பு வந்துச்சுங்களா இல்லீங்களா?" என்றார் தொட்டையன்.

"வந்துச்சுங்க."

"நம்ம சரக்குக்குத்தான அதிகமா வந்துச்சு?"

"எண்ணிக்கையில அதிகமுங்க. ஆனா..."

"அப்புறம் என்னங்க ஆனா?"

சுரேந்தர் கல்யாண பஸ் கதையைச் சொன்னார். தொட்டையன் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த பஸ்ஸு எந்தக் கடையில நின்னுச்சுங்க?" என்றார். சென்னம்மா கடை என்று சொல்லும்படி ஆகிவிட்டது. "அதானே பார்த்தேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். பேனர் அப்படியே இருந்தது.

அதை இறக்கியது சுரேந்தரும் அல்ல, ஃப்ரீட்மனும் அல்ல. வாங்க வந்தவர்கள் அண்ணாந்து எறும்புப் படத்தைப் பார்த்துவிட்டு, தட்டிலிருந்த இனிப்பைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். "இந்தக் கடையில எறும்பு ஜாஸ்தியாமே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி பெட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். சுகாதார ஆய்வாளர் ஒருவரும் வந்து போனதாகப் பேச்சு. பத்தாவது நாள் பேனர் இல்லை.

வாய்மொழித் தேர்வு நடந்த அறைக்கு வெளியே சுரேந்தர் நடந்துகொண்டே இருந்தார். தன் ஒப்புதல் பக்கத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் என்று இரண்டு தாள் எழுதிப் பையில் வைத்திருந்தார். நாற்பது நிமிடம் கழித்து வைஷாலி வெளியே வந்தாள்.

"என்னம்மா கேட்டாங்க? டெஸ்ட் பத்தி என்ன சொன்ன?"

"அதைக் கேட்கவே இல்ல சார். எறும்பு எந்த இனம்னு கேட்டாங்க. சொன்னேன். காலு எத்தனை கணு, கொம்பு எத்தனை கணுன்னு அதையே கேட்டுட்டு இருந்தாங்க. அவங்க பி.எச்டி. எறும்புல பண்ணினாங்களாம். அப்புறம் மைசூர்பாகு எந்தக் கடைல நல்லா இருக்கும், ஊருக்கு வாங்கிட்டுப் போகணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"மூணுக்கும் வித்தியாசம் இருக்கறதா ஆதாரம் இல்லன்னு சொன்னேன் சார். சரிதானே?"

சுரேந்தர் பையிலிருந்த அந்த இரண்டு தாளையும் எடுத்துக் கிழித்துப் போட்டார். பிறகு, "ரொம்பச் சரிம்மா" என்றார். அவளுக்கு எழுபத்தெட்டு மதிப்பெண் கிடைத்தது. உணர்கொம்பின் கணுக்களில் ஒன்றைக் குறைத்துச் சொல்லிவிட்டாளாம்.

இந்த ஜூலையில் கல்லூரி திறந்ததிலிருந்து, செவ்வாயும் வியாழனும் காலை பதினோரு மணிக்குச் சுரேந்தர் மேசையில் இருப்பதில்லை. ஸ்வாதியின் முதலாமாண்டு வகுப்பில் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் வாரம் மாணவர்கள் அவரைப் பார்த்து எழுந்து நின்றார்கள், இப்போது நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். போன வாரம் வகுப்புத் தேர்வு. இருபதுக்குப் பதினொன்று வாங்கியிருக்கிறார். பக்கத்து பெஞ்சுப் பெண் பதினெட்டு. விடைத்தாளை என் மேசைமேல் விரித்து, நாலாவது கேள்விக்குத் தனக்கு இன்னும் ஒரு மதிப்பெண் வரவேண்டும் என்றும், மேடத்திடம் போய்க் கேட்கலாமா வேண்டாமா என்றும் அரை மணி நேரம் என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.